வீட்டுப் புகையும் முதியவர்களின் நித்திரையும்: கொழும்பு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் பொழுதுபடும் நேரத்தில் வீட்டுக்குள் என்னென்ன நடக்கிறது என்று வரிசையாக எண்ணிப் பாருங்கள். ஐந்தரை, ஆறு மணிக்கு நுளம்பு வந்துவிடும் என்று யன்னல்களைச் சாத்துகிறோம். விளக்கேற்றி ஊதுவத்தியோ சாம்பிராணியோ காட்டுகிறோம். அப்புறம் குசினியில் இரவுச் சாப்பாட்டுக்குச் செத்தல் மிளகாய் போட்டுத் தாளிதம், சில நாள் கருவாட்டுப் பொரியல். எட்டரைக்குப் படுக்கை அறையில் நுளம்புச் சுருள். ஒன்பது மணிக்கு அதே காற்றுக்குள் அம்மம்மாவைப் படுக்கவிட்டுக் கதவையும் சாத்துகிறோம். நடுச்சாமத்தில் அவர் இருமிக்கொண்டு எழும்பினால், "வயது போனால் நித்திரை குறையும்தானே" என்கிறோம்.

வயதோடு நித்திரை மெலிவது உண்மைதான். ஆழ்ந்த நித்திரை குறையும், அடிக்கடி விழிப்பு வரும். ஆனால் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 7 முதல் 8 மணி நேரம் வேண்டும் என்பதுதான் மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. ஆகவே எல்லாப் பழியையும் வயதின் மேல் போடுவதற்கு முன், மாலை ஆறு மணியிலிருந்து விடியும்வரை அவர்கள் சுவாசிக்கும் காற்றைச் சரிசெய்து பாருங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. பாதிக்கு மேற்பட்ட வேலையை இந்தக் கிழமையே முடித்துவிடலாம்.

புகைக்கும் நித்திரைக்கும் என்ன தொடர்பு?

எரியும் எதிலிருந்தும் மிக நுண்ணிய துகள்கள் வெளியேறும். 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த விட்டம் கொண்டவற்றைப் பிஎம் 2.5 என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் புதுப்பித்த வழிகாட்டலின்படி, ஒரு கன மீற்றர் காற்றில் இவை ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமையும், 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமையும் தாண்டக்கூடாது. சாத்திய குசினியில் ஒரு முறை மீன் பொரித்தாலே இந்த அளவு சில நிமிடங்களில் பல மடங்காகிவிடும்.

இந்தத் துகள்கள் முதலில் மூக்கையும் தொண்டையையும் அழற்றும். உட்தோல் வீங்கி மூக்கு அடைபடும். வாயால் மூச்சு விடுவார்கள், குறட்டை கூடும். ஏற்கெனவே நித்திரையில் மூச்சு நின்று நின்று வருபவருக்கு அந்த நிறுத்தங்களும் கூடலாம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மூளை அரைகுறையாக விழிக்கிறது. காலையில் கேட்டால் "நித்திரை கொண்டேன்தான், ஆனால் களைப்பாக இருக்கு" என்பார்கள். தொய்வு உள்ளவர்களுக்கு விடியப்புறத்தில் மூச்சுக்குழாய் இயல்பாகவே சற்று ஒடுங்கும். மாலையில் உள்ளே போன புகையும் அதோடு சேர்ந்தால் மூன்று, நான்கு மணிக்கு முட்டு வரும். கரி, விறகு, மண்ணெண்ணெய் எரியும் இடத்தில் காபனோரொட்சைட்டும் உண்டு. அது இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் காலையில் தலையிடியோடு எழும்புவார்கள்.

சீனாவிலும் இந்தியாவிலும் முதியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில், விறகு, கரி போன்றவற்றில் சமைக்கும் வீடுகளில் நித்திரைக் குறைவு அதிகமாகக் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுகிறது. புகை ஒன்றே காரணம் என்று நிறுவவில்லை. வறுமை, நோய், தனிமை எல்லாம் இதற்குள் கலந்திருக்கும். ஆனாலும் புகையைக் குறைத்து நட்டப்பட்டவர் யாருமில்லை என்பதால், முழு நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

படி 1: ஒரு கிழமை எழுதி வையுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு கொப்பியை எடுங்கள். ஒவ்வொரு மாலையும் என்ன எரிந்தது, எத்தனை மணிக்கு, யன்னல் திறந்திருந்ததா என்று இரண்டு வரி. ஒவ்வொரு காலையும் எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை தரம் எழும்பினார், இருமலா, மூக்கடைப்பா, மூத்திரம் பெய்யவா, காலையில் தலையிடி உண்டா என்று இரண்டு வரி. வீட்டில் வேறு யாராவது குறட்டையைக் கேட்டிருந்தால் அதையும் குறியுங்கள். குறட்டை நடுவில் நின்று, பிறகு திணறலோடு தொடங்குகிறதா என்பது முக்கியம்.

பிற்பகல் நித்திரை எவ்வளவு, கடைசிப் பிளேன்டீ எத்தனை மணிக்கு என்பதும் வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. கனடாவின் ரொறன்ரோவில் மத்தியானம் என்றால் இங்கே இரவு ஒன்பதரை, பத்தரை. அந்த நேரத்தில் வரும் கோலுக்காக விழித்திருந்து நித்திரையைத் தொலைக்கும் அம்மாக்கள் ஏராளம். அது புகையின் குற்றமில்லை. பிள்ளைகளிடம் சொல்லி நேரத்தை மாற்றலாம்.

படி 2: நுளம்புச் சுருளை அறையிலிருந்து எடுங்கள்

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு நுளம்புச் சுருள் முழுதாக எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமமான பிஎம் 2.5 வெளியாகிறது என்று அளந்து காட்டியது. ஆறேழு மணி நேரம் புகையும் இந்தப் பொருளை, பெரும்பாலும் முதியவரின் கட்டிலுக்குக் கீழேயே வைக்கிறோம். சிகரெட்டையே தொட்டிராத ஒரு பெண் எழுபது வயதில் இரவு முழுக்க இதைச் சுவாசிக்கிறார் என்பது எனக்கு மிகவும் கவலையான விஷயம்.

"சுருள் இல்லாவிட்டால் டெங்கு வருமே" என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. கொழும்பு மாவட்டத்தில் டெங்கு இல்லாத ஆண்டே கிடையாது. ஆனால் டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முக்கியமாகப் பகலில் கடிப்பது. விடிந்த கையோடும் பொழுதுபடுவதற்கு முன்னான மணிகளிலும் அதன் கடி கூடுதல். நள்ளிரவில் காதருகே பாடுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் இனம். மலேரியாவைப் பொறுத்தவரை, இலங்கை அதிலிருந்து விடுபட்ட நாடு என உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்துவிட்டது. ஆக இரவு முழுக்க சுருள் கொளுத்துவது டெங்குக்கு எதிரான காவல் ஆகாது. டெங்குக்குச் செய்ய வேண்டியது பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பீலி, மொட்டைமாடித் தாங்கி ஆகியவற்றில் தேங்கும் நீரைக் கிழமைக்கு ஒரு தரமாவது அகற்றுவது, அதோடு பகல் தூக்கத்தின்போதும் வலை போடுவது.

சுருளுக்குப் பதில் என்ன? முதலாவது நுளம்பு வலை. முதியவருக்கு வலை போடும்போது ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம்: இரவில் மூத்திரத்துக்கு எழும்பும்போது வலையில் கால் சிக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது புகையைவிடப் பெரிய ஆபத்து. தரையில் புரளும் நீளமான வலையைத் தவிர்த்து, மெத்தைக்குக் கீழ் செருகக்கூடிய அளவில் வாங்குங்கள். குளியலறைப் பக்கம் மட்டும் எளிதில் தூக்கக்கூடியதாக விடுங்கள். தலைமாட்டில் ஒரு சின்ன டோர்ச், நடைபாதையில் ஒரு சிறு இரவு விளக்கு. வலைக்குள் புழுக்கமாக இருக்கும் என்பதால் காற்றாடியைக் கட்டிலுக்கு நேராகத் திருப்புங்கள். காற்று வேகமாக இருந்தால் நுளம்பும் கிட்ட வராது.

இரண்டாவது யன்னலுக்கு வலை அடிப்பது. காற்று உள்ளே வரும், நுளம்பு வராது. சொந்த வீடென்றால் சட்டம் போட்டு அடிக்கலாம். வாடகைத் தொடர்மாடியில் சொந்தக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார் என்றால், வெல்க்ரோ பட்டியில் ஒட்டிக் கழற்றும் வலை கிடைக்கிறது. இந்த வழிகாட்டியில் பணம் செலவழிக்கச் சொல்லும் இடங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

மின்சாரத்தில் செருகும் திரவப் போத்தலில் புகை குறைவு. ஆனால் பூச்சிகொல்லி ஆவி உண்டு. தொய்வுக்காரரின் அறையில் அதையும் வைக்காமல் விடுவது நல்லது. வைத்தே ஆக வேண்டுமென்றால் படுக்க ஒரு மணி நேரம் முன் போட்டு, படுக்கும்போது நிறுத்துங்கள்.

படி 3: சாம்பிராணியும் ஊதுவத்தியும்

இதில் பெரியவர்களோடு சண்டை பிடிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும், முஸ்லிம் வீடுகளில் வெள்ளி இராவுக்குப் போடும் சாம்பிராணியும் அவர்களின் மனநிம்மதியோடு சேர்ந்தவை. "அதை நிப்பாட்டுங்கோ" என்று சொன்னால் அவர்களுக்கு நித்திரை இன்னும் கெடும். "அம்மா, இனி கொஞ்சம் வெள்ளனக் காட்டுவமா? யன்னலத் திறந்து வச்சா வீடு முழுக்க வாசமா இருக்கும்" என்று கேட்டுப் பாருங்கள்.

நேரத்தையும் இடத்தையும் மாற்றினால் போதும். நான்கு, நான்கரைக்குக் காட்டி, யன்னல்களை ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். சாமியறை படுக்கை அறைக்குள்ளேயே இருந்தால், ஊதுவத்தியை வாசலிலோ பல்கனியிலோ கொளுத்திவிட்டுச் சாமிக்கு முன் பூவும் எண்ணெய் விளக்கும் வைக்கலாம். ஐந்து வத்திக்குப் பதில் ஒன்று.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது. சிரட்டைக்கரித் தணல் போட்ட தூபக்காலை மூடிய அறைக்குள் வைத்துவிட்டுப் படுக்கவே கூடாது. கனலும் கரி காபனோரொட்சைட்டை வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சாம்பிராணி வாசம் போனபிறகும் தணல் இருக்கும். காட்டி முடிந்ததும் வெளியே கொண்டுபோய் நீர் ஊற்றி அணையுங்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தலைக்குப் புகை பிடிக்கும் வீடுகளிலும், அதே அறையில் படுக்கும் பாட்டியை அந்த நேரம் வேறிடத்தில் இருத்துங்கள்.

படி 4: குசினி

கொழும்பில் பெரும்பாலான வீடுகளில் கேஸ் அடுப்புத்தான். விறகோடு பார்த்தால் அது மிகச் சுத்தமானது. ஆனால் 2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது தொடர்மாடிகளிலும் மண்ணெண்ணெய் அடுப்பும் விறகும் திரும்பி வந்தன. சில வீடுகளில் அந்த அடுப்புகள், கேஸ் விலையை நினைத்து, இன்னும் பாவனையில் இருக்கின்றன. தண்ணீர் கொதிக்க வைப்பதற்கும் சோறு ஆக்குவதற்கும் மின்கேத்தலும் ரைஸ் குக்கரும் போதும். அந்த இரண்டு வேலையும் விறகிலிருந்து கழன்றாலே புகை பெருமளவு குறையும். கிராண்ட்பாஸ், மட்டக்குளிப் பக்கத்துத் தோட்ட வீடுகளில் விறகைத் தவிர வழியில்லை என்றால், நன்றாகக் காய்ந்த விறகை வெளியில் வைத்து எரியுங்கள். ஈர விறகுதான் அதிகம் புகையும். பொலித்தீன் போட்டுப் பற்றவைக்க வேண்டாம்.

கேஸ் அடுப்பு என்றாலும் இரண்டு விஷயம் மிஞ்சும். சுவாலையிலிருந்து நைதரசன் ஈரொட்சைட்டு வரும்; அது மூச்சுக்குழாயை அழற்றும். சூடான எண்ணெயிலிருந்து துகள்கள் வரும். ஆகவே வெளியேற்றும் காற்றாடியைச் சமைக்கத் தொடங்குமுன் போட்டு, முடிந்தபின் 15, 20 நிமிடம் ஓடவிடுங்கள். காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் காற்றாடிதான் உதவும். வடிகட்டிவிட்டு மறுபடி குசினிக்குள்ளேயே விடும் வகையால் வாயுக்கள் போகாது. எண்ணெய் படிந்த இறக்கைகளை மாதம் ஒரு தரம் கழுவுங்கள்.

நேரம்தான் இங்கே முக்கியம். மிளகாய் வறுப்பது, கருவாடு பொரிப்பது, தூள் வறுப்பது எல்லாவற்றையும் காலைக்கு மாற்றுங்கள். இரவில் இடியப்பமோ பிட்டோ போன்ற ஆவியில் அவியும் சாப்பாடு போதுமே. அடுப்படியில் நின்று பழகிய அம்மாவே பொரிக்க வேண்டும் என்று நின்றால், அந்த நேரம் படுக்கை அறைக் கதவைச் சாத்தி, குசினி யன்னலைத் திறந்து வையுங்கள்.

மின்வெட்டு நேரத்துக்கு ஒரு எச்சரிக்கை. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற காலத்தில் பலரும் சிறிய ஜெனரேட்டர் வாங்கினார்கள். அதைப் பல்கனியிலோ நடைவழியிலோ ஓட்டக்கூடாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, குமட்டல், மயக்கம் வந்தால் காபனோரொட்சைட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு, 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள்.

படி 5: யன்னலை எப்போது திறப்பது?

"எப்போதும் திறந்து வையுங்கள்" என்று கொழும்பில் சொல்ல முடியாது. காலி வீதியையோ ஆமர் வீதியையோ பார்த்த யன்னலைக் காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் திறந்தால் பஸ் புகைதான் உள்ளே வரும். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் பகல் பதினொரு மணிக்குப் பிறகு கடற்காற்று வீசத் தொடங்கும். அந்த நேரத்தில் எதிரெதிர் யன்னல்கள் இரண்டைத் திறந்தால் பத்து, பதினைந்து நிமிடத்தில் அறைக்காற்று மாறிவிடும். ஒரு யன்னலை மட்டும் திறப்பதால் இந்தப் பலன் வராது. படுக்குமுன், வீதி அடங்கியபின், வலை அடித்த யன்னலை மறுபடி திறக்கலாம்.

மார்கழி முதல் மாசிவரை கவனம் கூடுதலாக வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்றோடு இந்தியத் துணைக்கண்டத்தின் புகையும் நம் பக்கம் வரும். 2022 டிசம்பரில் மண்டவுஸ் புயல் நேரத்தில் கொழும்புக் காற்று அவ்வளவு மோசமாகி, 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டார்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் காற்றின் தரத்தை அளந்து அறிவிக்கிறது. மோசம் என்று சொல்லும் நாட்களில் யன்னலைச் சாத்தி, வீட்டுக்குள் எதையும் கொளுத்தாமல் இருங்கள்.

ஏசி அறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சுவரில் தொங்கும் சாதாரண ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே குளிரூட்டிச் சுழற்றும். இரண்டு பேர் படுத்த மூடிய அறையில் காபனீரொட்சைட்டு மில்லியனில் 1000 பங்கைத் தாண்டுவது சாதாரணம். வெளிக்காற்றில் அது 420 அளவில்தான். காலையில் அறை கனமாக இருப்பதற்கு அதுவும் காரணம். கதவை ஒரு விரல்கடை திறந்து வையுங்கள். வடிகட்டியை இரண்டு கிழமைக்கு ஒரு தரம் கழுவுங்கள்.

படி 6: ஈரமும் தூசும்

மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சணம் பிடித்தால் முதலில் கசிவை அடையுங்கள். கசிவு இருக்கும்போது மேலே வர்ணம் பூசினால் சில கிழமையில் மறுபடி கறுக்கும். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். துடைக்கும் வேலையை முதியவர் செய்யக்கூடாது. அவர் அந்த நேரம் அறையில் இருக்கவும் கூடாது.

இலவம்பஞ்சுத் தலையணை பழசானால் தூசு கொட்டும். மாற்றுங்கள், அல்லது நெருக்கமாக நெய்த உறை போடுங்கள். விரிப்புகளைக் கிழமைக்கு ஒரு தரம் சுடுநீரில் கழுவி வெயிலில் காயவிடுங்கள். காய்ந்த தும்புத்தடியால் கூட்டுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைத்தால் தூசு எழும்பாது. வீட்டுக்குள் யாரும் சிகரெட், சுருட்டு பிடிக்கக்கூடாது, யன்னலோரம் நின்றுகூட.

படி 7: கருவி வாங்க நினைத்தால்

காற்றுச் சுத்திகரிப்பானைக் கடைசியில்தான் யோசிக்க வேண்டும். சுருளும் கொளுத்தி, கருவியும் ஓட்டுவது பணத்தை வீணாக்குவது. மேலே சொன்னதெல்லாம் செய்தும் பக்கத்து வீட்டுப் புகையோ வீதிப் புகையோ தவிர்க்க முடியவில்லை என்றால் வாங்கலாம். உண்மையான ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரோமீற்றர் துகள்களில் 99.97 வீதத்தைப் பிடிக்கும். பெட்டியில் சிஏடிஆர் என்ற எண்ணைப் பாருங்கள்; கருவி எவ்வளவு வேகமாகச் சுத்தமான காற்றைத் தரும் என்பதை அது சொல்லும். நிமிடத்துக்குக் கன அடியில் அது அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும்: 120 சதுர அடி அறைக்கு 80. ஓசோன் உண்டாக்கும் வகையை வாங்கவே வேண்டாம். எந்தச் சுத்திகரிப்பானும் காபனோரொட்சைட்டை அகற்றாது.

சிறிய பிஎம் 2.5 மானிகள் இப்போது கிடைக்கின்றன. கொழும்பின் ஈரப்பதனில் அவை உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். எண்ணை அப்படியே நம்பாமல், தாளிதத்துக்கு முன், பின் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு அவை நல்லவை.

பக்கத்தில் குப்பை எரிப்பவர்களோடு முதலில் நேராகப் பேசுங்கள். பயனில்லை என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம்.

படி 8: வைத்தியரிடம் போவது

இரண்டு, மூன்று கிழமை இப்படிச் செய்து, கொப்பியில் மாற்றம் இல்லையென்றால் வைத்தியரிடம் போங்கள். சில நிலைமைகளில் அதுவரைகூடக் காத்திருக்கக்கூடாது. குறட்டை நடுவில் மூச்சு நிற்பது, தட்டையாகப் படுக்க முடியாமல் எழும்பி இருப்பது, கால் வீக்கம், இரண்டு கிழமைக்கு மேல் இருமல், சளியில் இரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே போக வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாவது என்றால் 1990.

கொப்பியோடு எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் எனலாபிரில், கப்டோபிரில் வகைக் குளிசைகள் சிலருக்கு வரட்டு இருமலைக் கொண்டுவரும்; அதைப் புகையின் இருமல் என்று நினைத்துவிடக்கூடும். நீர் போகும் குளிசையை மாலையில் எடுத்தால் இரவு முழுக்க எழும்ப வேண்டியிருக்கும். நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். சுவாசப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள்.

பாமசியில் நீங்களாகவே எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். தடிமனுக்குக் குடிக்கும் குளோர்பெனிரமின் நித்திரையைத் தரும் என்று பலர் கொடுக்கிறார்கள். முதியவர்களுக்கு அது மனக்குழப்பத்தையும் மூத்திரத் தடையையும் கொண்டுவரலாம். டயசிபாம் வகை நித்திரைக் குளிசைகள் விழுந்து எலும்பு முறியும் ஆபத்தைக் கூட்டும். நித்திரையில் மூச்சு நிற்பவருக்கு இன்னும் கெடுதல். ஆனால் ஏற்கெனவே நீண்ட காலம் அதை எடுப்பவராக இருந்தால், இந்த வரியைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம். வைத்தியர் சொல்லும் வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.